வங்கி வாசலில் காத்திருக்கும் புதியவர்

அந்நிய நாடொன்றில் கால்பதிக்கும் நம்மவர் பலருக்கு வங்கிக் கணக்கொன்றைத் திறப்பது குதிரைக் கொம்பாகவே இருந்து வருகின்றது. வதிவிடச் சான்று இன்றேல் கணக்கு இல்லை என்கின்றது வங்கி. கணக்கு இன்றேல் வீடு இல்லை என்கின்றார் வீட்டு உரிமையாளர். சம்பளத்தைக் கையில் தர முடியாது என்கின்றார் தொழில் வழங்குநர். இந்த முக்கோணத்துக்குள் அகப்பட்டவர் மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்படுகின்றார்.

2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர் பணச் சலவைக்கும் பயங்கரவாத நிதியளிப்புக்கும் எதிரான விதிகள் உலகெங்கும் இறுக்கப்பட்டன. பிரித்தானியாவோ 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் மூலம் விண்ணப்பதாரரின் குடிவரவு நிலையைப் பரிசோதிக்கும் பொறுப்பையும் வங்கிகளின் தலையில் சுமத்தியது. தவறு நேர்ந்தால் அபராதம் காத்திருக்கையில், சந்தேகம் எழுந்தவுடன் மறுத்து விடுவதே வங்கி உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான வழியாகின்றது.

இதில் தமிழரும் முஸ்லிம்களும் எதிர்நோக்கும் தனிச் சிக்கலொன்றும் உண்டு. பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடையே பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே பலரது கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகப் பதியப்படுகின்றது. ஓர் ஆவணத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர், மூன்றாவதில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல் என்றிருப்பின் கணினி அவரை மூன்று மனிதராகவே கொள்கின்றது. பரவலாக வழங்கும் அரபுப் பெயர்களைத் தாங்கியோர், தடைப் பட்டியலில் உள்ள எவரோ ஒருவரின் பெயரோடு ஒத்துப்போவதால், குற்றமேதும் இழைக்காமலே விளக்கமளிக்க நேர்கின்றது.

எனினும், சட்டம் புதியவரை முற்றாகக் கைவிட்டு விடவில்லை. கனடாவில் 2003ஆம் ஆண்டு முதல், வேலை இல்லை என்பதையோ வைப்பிலிடப் பணமில்லை என்பதையோ காட்டிக் கணக்கை மறுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பணிப்புரை, புகலிடம் கோருவோர் உட்படச் சட்டபூர்வமாக வதியும் அனைவருக்கும் அடிப்படைக் கணக்கை உரிமையாக்கியது. பிரான்சில் ஒரு வங்கி மறுக்குமாயின், வேறொரு வங்கியை நியமிக்குமாறு அந்நாட்டு மத்திய வங்கியைக் கோரலாம். ஆனால், இவ்வுரிமைகளை அறியாதவர் வங்கியின் வாய்மொழி மறுப்பையே இறுதித் தீர்ப்பாகக் கருதித் திரும்பி விடுகின்றார்.

வளைகுடா நாடுகளின் நிலை வேறு. அங்கு கணக்குத் திறப்பதற்குக் குடியிருப்பு அட்டை பொதுவாக அவசியம். அதனைப் பெற்றுத் தர வேண்டிய தொழில் வழங்குநர் தாமதித்தால் வங்கிக் கதவும் திறவாது.

கணக்கு இல்லாதவர் நாடும் வழி உண்டியலே. 2020இல் சுமார் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவனுப்பல்கள் 2022இல் 3.8 பில்லியன் டொலராக வீழ்ச்சியடைந்ததை நாம் மறந்துவிட முடியாது. நாணய மாற்று வீதத்தைச் செயற்கையாகக் கட்டுப்படுத்தியமையே அதன் பிரதான காரணம் என்பது உண்மை. எனினும், வங்கிக்குள் நுழையவே முடியாதவரிடம் வங்கி மூலம் பணம் அனுப்புங்கள் என்று வேண்டுவதில் பயனேதும் இல்லை.

எனவே, 1985இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், புறப்படுவோருக்கான பயிற்சியில் செல்லும் நாட்டின் வங்கி விதிகளையும் தமிழில் விளக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் உள்ள பெயர் வேறுபாடுகளைப் பயணத்துக்கு முன்னரே சீர்செய்ய வழிகாட்ட வேண்டும். ஒருவரே பல பெயர்களில் தோன்றும்போது அதனை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தாமதமின்றி வழங்கத் தூதரகங்கள் முன்வர வேண்டும். மறுக்கப்பட்டவர் மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுவதும் அவசியம். எழுத்திலுள்ள மறுப்பே முறைப்பாட்டுக்கு அடித்தளமாகும்.

இந்நாட்டின் நெருக்கடி வேளைகளில் எல்லாம் கைகொடுப்பது வெளிநாட்டில் உழைப்போரின் வியர்வையே. அவர்களது டொலரை எதிர்பார்க்கும் அரசு, அதனை அனுப்புவதற்கான வாசலைத் திறந்துவிடவும் கடமைப்பட்டுள்ளது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.