துபாய் காசோலையும் நம்மாட்களின் அசட்டு தைரியமும்

"துபாய்ல செக் திரும்பினா இப்போ ஜெயில் கிடையாதாம் சார், தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான்." இங்கே மும்பையில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து யாராவது இப்படிப் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐயா, நீங்கள் கேட்டது பாதிக் கதை. வீடு போவது மீதிக் கதையில்!

அமீரகத்தில் 2022 ஜனவரி 2 முதல், கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் மட்டும் குற்ற வழக்கு பொதுவாகக் கிடையாது. நிஜம்தான். (நம் நாட்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இன்னமும் இரண்டு வருடம் வரை உள்ளே போடுகிறது. இதில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள்.) ஆனால் அதே திருத்தம் திரும்பிய காசோலைக்குத் தீர்ப்பின் பலத்தைக் கொடுத்துவிட்டது. கையில் வைத்திருப்பவர் வருடக்கணக்கில் வழக்காட வேண்டாம். நேரே நிறைவேற்று நீதிபதியிடம் போகலாம். வங்கிக் கணக்கு முடங்கும், பயணத் தடையும் வரலாம். பணம் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே கணக்கை மூடினால் அது இன்றைக்கும் குற்றம்தான்.

"ஃபிளைட் ஏறிட்டா யார் கேட்பா?" இது அடுத்த ரகம். 2020 ஜனவரியில் மத்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் அமீரகத்தைச் சேர்த்துவிட்டது. துபாய் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேரே நிறைவேற்றக் கேட்கலாம். உங்கள் பெயரில் தஞ்சாவூரில் இருக்கும் மனையும் கணக்கில் வரும். மோசடித் தீர்ப்பு, நோட்டீஸே வரவில்லை என்று வாதாட 13ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதற்கும் வக்கீல் செலவு உங்களுடையது.

எனக்குக் கோபம் சட்டத்தின் மேல் இல்லை. கூட்டாளி கேட்டான், அறைத்தோழன் கேட்டான் என்று தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிற பழக்கத்தின் மேல்தான். அதை நட்பு என்கிறார்கள். என்ன நட்போ! கடையை நடத்துபவன் ஒருவன், கடனுக்கு மாட்டுபவன் இன்னொருவன். இந்தக் காசோலை சமாச்சாரம் மனைவிக்குத் தெரியவே தெரியாது. நீதிமன்றக் காகிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கப்போவது மட்டும் அவர்தான்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொகையை எழுதுங்கள், எதற்கான காசோலை என்று ஒப்பந்தத்தில் எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். கடன் தீர்ந்ததும் காசோலையையும் 'பாக்கி இல்லை' கடிதத்தையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். எந்தக் காசோலை யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவையுங்கள். நகைக்கடன் ரசீது எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமே, இது மட்டும் ஏன் ரகசியம்?