விடுப்பிலும் பொது நிதி

ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கொடுக்கலாம்; நெல்லோ நூலோ கொடுக்கலாம். நாட்களைக் கொடுக்க இயலுமா? அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் காரியாலயங்களில் இயலும். 1988-ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பெற்ற ஒரு சட்டத்தின்படி, கடும் நோயுற்றுத் தம் விடுப்பு முழுவதையும் செலவிட்டுவிட்ட ஊழியருக்குச் சக ஊழியர்கள் தங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து தானம் அளிக்கலாம். அந்நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் உண்டு.

புதிதாய்ச் சேர்ந்த முழுநேர ஊழியருக்கு அங்கே ஆண்டு விடுப்பு 13 நாள். நோய் விடுப்பு 13 நாள். புற்றுநோய் சிகிச்சைக்கு இது எம்மாத்திரம்? ஆகவே தானம் நல்லதே. விதிகளும் யோசித்துச் செய்யப்பட்டவை. ஒருவர் ஓராண்டில் ஈட்டும் விடுப்பில் பொதுவாகப் பாதிக்குமேல் கொடுக்க இயலாது, எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, மிஞ்சிய நாட்கள் கொடுத்தவருக்கே திரும்பும். தம் நேர் மேலதிகாரிக்குக் கொடுக்கவும் கூடாது. (இவ்விதியை எழுதியவர் காரியாலய வாழ்க்கையை நன்கறிந்தவராகவே இருக்க வேண்டும்!)

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. நாலு பேரிடம் சிரித்துப் பேசும் சுபாவமுடையவருக்கு நாட்கள் வந்து குவியும். தலை நிமிராமல் வேலை செய்து வீடு திரும்பும் குமாஸ்தாவின் கதி என்ன? அவரும் தம் நோயைப் பலரறியச் சொல்லி இரக்கத்தை எதிர்நோக்க வேண்டும். உடல் நொந்து கிடப்பவரின் மானமும் நோக வேண்டுமா?

அதே சட்டம் இன்னொரு வழியையும் காட்டுகிறது: விடுப்பு வங்கி. உறுப்பினராக விரும்புவோர், சேவைக் காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 4, 6 அல்லது 8 மணி நேர விடுப்பையேனும் அதில் செலுத்துவர். மூவர் கொண்ட குழு அதை நிர்வகிக்கும். அவர்களில் ஒருவரேனும் ஊழியர் தரப்பினராக இருத்தல் வேண்டும். நோயுற்ற உறுப்பினர் இக்குழுவிடம் விண்ணப்பித்தால் போதும். எவர் கொடுத்த நாள், எவருக்குப் போயிற்று என்ற பேச்சே இல்லை. பங்குத் தொகை செலுத்திச் சங்கத்தில் சேர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

"ஆண்டுதோறும் செலுத்துகிறேன், எனக்கு நோயே வரவில்லையே" என்று முணுமுணுப்பவர் அங்கும் இருப்பர். நோய் வராததை நஷ்டக் கணக்கில் எழுதுபவருக்கு யார் என்ன சொல்வது!

விசித்திரம் என்னவெனில், ஆளுக்கு ஆள் கொடுக்கும் தானத் திட்டத்தை இலாகாக்கள் நடத்தியே தீரவேண்டும். வங்கியோ அந்தந்த இலாகாவின் விருப்பத்தைப் பொறுத்தது. என் கருத்தில் இது தலைகீழான ஏற்பாடு. வங்கி எங்கும் கட்டாயமாக இருக்கட்டும். அதிலும் போதாமல் நிற்பவருக்குத் தானம் துணை வரட்டும்.