எட்டுக்குப் பூச்சியம்: தோற்றது யார்?

உலகக் கோப்பைக் கால்பந்தின் குரூப் சுற்று தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் அந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்துவிடும்: "140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் பந்து உதைக்க 11 பேர் கிடைக்கவில்லையா?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து, "எல்லாத்திலும் கோட்டா வைத்தால் இப்படித்தான்" என்று எழுதுவார். சூளகிரியில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பையன்களின் போனிலும், ஓசூர், கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்களின் குழுக்களிலும் இந்த இரண்டு வரிகளும் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒருமுறை முழுதாகப் பதில் சொல்லிவிடுவோம்.

முதல் விஷயம், 11 பேர் கிடைத்தார்கள். இந்தியா ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றின் குரூப் சுற்றில் ஆடியதே இல்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம், இரண்டு முறை ஆடியிருக்கிறது. இரண்டும் 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள். இரண்டும் இந்தியாவில் நடந்ததால், போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நேரடியாக இடம் கிடைத்தது. 2017இல் பையன்கள் டெல்லியில் ஆடினார்கள். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. 2022 அக்டோபரில் பெண் பிள்ளைகள் புவனேஸ்வரம் கலிங்கா மைதானத்தில் ஆடினார்கள். 11ஆம் தேதி அமெரிக்காவிடம் 0-8, 14ஆம் தேதி மொராக்கோவிடம் 0-3, 17ஆம் தேதி பிரேசிலிடம் 0-5. மொத்தம் 6 ஆட்டம், 6 தோல்வி. வாங்கிய கோல் 25, போட்டது ஒன்று.

சிரிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2022 பெண்கள் அணியின் கேப்டன் அஸ்தம் ஓராவோன். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். அந்த அணியில் ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 6 பேர். மகள் நாட்டுக்குக் கேப்டன் ஆனதும் மாவட்ட நிர்வாகம் விழித்துக்கொண்டது. வீட்டுக்கு டிவி வந்தது. வீட்டுக்குப் போகச் சரியான பாதை இல்லை என்பது அப்போதுதான் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. கேப்டன் பெயரில் சாலை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சாலை வேலையில் கல் சுமந்தவர்கள் யார் தெரியுமா? கேப்டனின் அப்பாவும் அம்மாவும். நாள் கூலி 250 ரூபாய். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி இது. பெரும்பாலானோர் இதை "நெகிழ்ச்சிச் செய்தி" என்று பகிர்ந்தார்கள்.

இதில் நெகிழ என்ன இருக்கிறது? ஒரு பழங்குடிக் குடும்பத்துக்குச் சாலை வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பெண் 16, 17 வயதில் இந்திய ஜெர்சி போட வேண்டும். போட்ட பிறகும் அவளைப் பெற்றவர்கள் அந்தச் சாலைக்குக் கூலி ஆட்களாக நிற்க வேண்டும். ஜெர்சி போடாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சாலை எப்போது வரும்? இதைக் கேட்காமல் கண்ணைத் துடைத்துக்கொள்வது, 0-8 என்று சிரிப்பதைவிட எந்த வகையிலும் மேல் இல்லை.

இப்போது அந்த 8 கோல்களுக்கு வருவோம். அமெரிக்கப் பெண்கள் பிறவியிலேயே திறமைசாலிகள் என்பதால் 8 கோல் போடவில்லை. 1972இல் அங்கே 'டைட்டில் ஒன்பது' என்று ஒரு சட்டம் வந்தது. அரசு நிதி வாங்குகிற எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். பையன்களுக்கு மைதானம், பயிற்சியாளர், உதவித்தொகை தருகிற பள்ளியும் கல்லூரியும் பெண்களுக்கும் தந்தாக வேண்டிய நிலை வந்தது. புவனேஸ்வரத்தில் நம் பிள்ளைகள் சந்தித்தது அந்தச் சட்டத்தின் 50 ஆண்டு விளைச்சலை.

அமெரிக்கா பணக்கார நாடு என்பீர்கள். சரி, மொராக்கோவைப் பாருங்கள். அந்த நாடு 2020 வாக்கில் பெண்கள் கால்பந்துக்கென்று தனித் திட்டம் போட்டு, பெண்கள் லீகைத் தொழில்முறை லீகாக மாற்றிச் சம்பளம் கொடுத்தது. 2022இல் அதன் 17 வயதுப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்து இந்தியாவை 3-0 என்று வென்றார்கள். 2023இல் அதன் பெரிய பெண்கள் அணியும் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. குரூப் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் வாங்கிய அடி 0-6. யாரும் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்து தென் கொரியாவை 1-0, கொலம்பியாவை 1-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஜெர்மனி குரூப்போடு வீட்டுக்குப் போனது. குரூப் சுற்றின் அழகே அதுதான். முதல் நாள் தோற்றவருக்கு இன்னும் இரண்டு நாள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் காலண்டரில் இருந்தன. அதைப் பயன்படுத்தத் தேவையான பின்பலம்தான் இல்லை.

ஏன் இல்லை? இந்தப் போட்டி முதலில் 2020இல் நடக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளிப்போய், ரத்தாகி, 2022க்கு வந்தது. முதலில் தயாரான பிள்ளைகள் வயது தாண்டிப் போனார்கள். 2022 ஜூலையில், ஐரோப்பியப் பயணத்தின்போது பாலியல் அத்துமீறல் புகாரில் அணியின் உதவிப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஆகஸ்ட்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. பதவிக்காலம் முடிந்தும் தலைவர் நாற்காலியைவிட்டு இறங்காமல் விவகாரம் உச்சநீதிமன்றம்வரை போனதன் பின்விளைவு அது. போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், ஆடப் போகிறோமா இல்லையா என்றே தெரியாமல் அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள். ஆகஸ்ட் 26இல்தான் தடை நீங்கியது. நாற்காலிச் சண்டை போட்டவர்கள் யாரும் கும்லாவில் கல் சுமக்கிறவர்கள் இல்லை. 0-8 முதலில் எழுதப்பட வேண்டியது அவர்கள் கணக்கில்.

"கோட்டா" என்று எழுதுகிறவருக்கும் ஒரு பதில். இந்திய அணித் தேர்வில் எந்த இடஒதுக்கீடும் இல்லை. பிறகு ஏன் தோற்றவுடன் சாதி நினைவுக்கு வருகிறது? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கை மறந்துவிடாதீர்கள். ஹாக்கியில் குரூப் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா 3 கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அந்த வெற்றியால்தான் இந்தியா காலிறுதிக்குப் போனது. அன்றைக்கு அவர் நாட்டின் மகள். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்னால் சாதித் திமிர் பிடித்தவர்கள் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால் தோற்றோம் என்று ஏசினார்கள். குடும்பம் புகார் கொடுத்து, போலீஸ் வழக்குப் பதிந்தது. ஜெயித்தால் இந்தியர், தோற்றால் சாதி. வாட்ஸ்அப்பில் "கோட்டா" என்று எழுதுகிறவர் பட்டாசு வாங்கக் காசு செலவழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழங்குடிக் கேப்டன் என்பதும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் ஹாக்கித் தங்கம் வென்ற அணியின் கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா. இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பகுதிக்காரர். லீக் சுற்றில் அணியை நடத்தியவர், நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலால் இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் குரலாக நின்றவரும் அவர்தான். நம் பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த விளையாட்டு வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, ஜார்க்கண்ட் கதை சூளகிரிக்கு எதற்கு என்று கேட்கலாம். பிரேசில் ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2022 நவம்பர் 15, பழங்குடியினர் பெருமை தினம். ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் பெருமையோடு ஒரு செய்தி சொன்னார். ஓசூரில் நாட்டின் பெரிய ஐபோன் ஆலை வருகிறது, 60,000 பேர் வேலை செய்வார்கள், அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிச் சகோதரிகள் என்றார். கலிங்கா மைதானத்தில் ஆடிய பிள்ளைகள் வந்த அதே மண். அக்டோபரில் ஜெர்சி, நவம்பரில் கம்பெனி யூனிஃபார்ம்.

வேலை கிடைப்பது நல்லதுதான். சம்பளம் பெண்ணின் கைக்கு வருவதும் நல்லதுதான். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மண்ணின் பிள்ளைகளை அரசு எதற்கெல்லாம் கூப்பிடுகிறது என்று பாருங்கள். கொடி பிடிக்கக் கூப்பிடுகிறது, ஷிப்டுக்குக் கூப்பிடுகிறது. அவர்கள் ஊரிலேயே பள்ளியும் மைதானமும் கல்லூரியும் வேலையும் தருகிறோம் என்று கூப்பிடுவதில்லை. இங்கே வந்த பிறகு விடுதி, பஸ், ஷிப்ட், மறுபடி விடுதி. 19 வயதுப் பெண்ணுக்கு வார விடுமுறையில் பந்து உதைக்க ஓர் இடம் வேண்டும் என்று எந்தத் திட்ட அறிக்கையிலாவது யாராவது எழுதியிருப்பார்களா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெண்களைப் பார்த்து "வடக்கன்" கூட்டம் என்று பேசுகிற பழக்கம் நம் வட்டாரத்தில் வளர்கிறது. ஊர்த்தெருவில் மட்டும் இல்லை, காலனியிலும் அந்தச் சொல் நுழைந்துவிட்டது. பிறப்பையும் ஊரையும் வைத்து ஆளை எடைபோடுவதற்கு வேறு பெயர் உண்டு, அதைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்கள் நாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற எல்லை ஊர் இது. நான்காவதாகச் சாத்ரியோ குருக்கோ கேட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இனி நம் பிள்ளைகளைப் பற்றி. முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க இந்த மாநிலத்தில் 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. சிப்காட் என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு அளவுக்கல் நடப்படுகிறது. காலனிப் பிள்ளைகளுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் கேட்டால் "இடம் இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். 1892இல் தொடங்கி நம் முன்னோர்க்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அது யார் யார் கைக்குப் போனது என்று தேடாத அரசு, இடம் இல்லை என்று நம்மிடம் சொல்லக் கூடாது. மைதானம் நிலப் பிரச்சினை. நிலப் பிரச்சினை என்றால் இந்த நாட்டில் அது சாதிப் பிரச்சினை.

பணம் இல்லை என்பதும் எடுபடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024இல் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்புப்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த நிதியில் நம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்ன போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆகவே மாணவத் தோழர்களே, "11 பேர் கிடைக்கவில்லையா" என்ற செய்தி அடுத்த முறை வரும்போது வாட்ஸ்அப்பில் மல்லுக்கு நிற்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை இவை:

1. நம் வட்டத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள் எத்தனை? அவற்றில் விளையாட்டுத் திடல் உள்ளவை எத்தனை? திடலின் பரப்பு எவ்வளவு?

2. அந்தப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் எத்தனை? காலியாக இருப்பவை எத்தனை, எந்த நாளிலிருந்து?

3. கடந்த மூன்று ஆண்டுகளில் பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்று செலவான தொகை எவ்வளவு?

4. ஊராட்சி ஒவ்வொன்றிலும் விளையாட்டுத் திடல் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது? காலனிப் பிள்ளைகள் அங்கே தடையில்லாமல் ஆட முடிகிறதா என்று எந்த அதிகாரியாவது ஆய்வு செய்த பதிவு உண்டா?

பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போவோம். தீர்மானம் போடச் சொல்வோம். சிப்காட் பக்கத்தில் பெண் தொழிலாளர்களுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு திடல் கேட்போம். ஜார்க்கண்ட் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே அணியில் ஆடட்டும்.

அதுவரை, புவனேஸ்வரத்தின் 0-8ஐ அந்தப் பிள்ளைகளின் பெயரில் எழுதாதீர்கள். அவர்கள் மைதானத்துக்கு வந்தார்கள், மூன்று ஆட்டமும் ஆடினார்கள். வராமல் போனது அரசு.

ஜெய் பீம்.