இமயத்தின் பனி எவ்வளவு மெலிந்தது? புகைப்படங்கள் சொல்லும் சாட்சி

குழந்தையின் முதல் பிறந்த நாளில் ஒரு படம் எடுக்கிறோம். பத்தாவது பிறந்த நாளில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிள்ளையின் வளர்த்தி தெரியும். தினமும் பார்க்கும் தாய்க்கு அது தெரிவதில்லை.

இமயமலையின் பனியும் அப்படித்தான். ஆனால் அது வளரவில்லை, மெலிந்துகொண்டிருக்கிறது!

86 ஆண்டு இடைவெளி

1921-ம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்துக்கு வழி தேடி ஆங்கிலேயர் குழு ஒன்று திபெத் வழியாகப் போயிற்று. ஜார்ஜ் மல்லோரி என்பவரும் அதில் இருந்தார். எவரெஸ்டுக்கு வடக்கே ரோங்புக் என்ற பனி ஆறு இருக்கிறது. மலைச் சரிவில் மெல்ல மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டிப் பாளத்தைத்தான் பனி ஆறு என்கிறார்கள். மல்லோரி அதைப் படம் பிடித்தார். பள்ளத்தாக்கு நிறையப் பனி!

2007-ல் டேவிட் பிரஷியர்ஸ் என்ற அமெரிக்கர், அந்தப் படத்தோடு அங்கே போனார். எவரெஸ்ட் உச்சியை 5 தடவை எட்டியவர் இவர். மல்லோரி நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்தே படம் எடுத்தார். பனியின் மட்டம் சுமார் 300 அடி தாழ்ந்துபோயிருந்தது!

பருவம் முக்கியம்

"குளிர்காலப் படத்துக்கும் கோடைகாலப் படத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிதாக விழுந்த பனி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். அது கரைந்த பிறகுதான் பழைய பனிக்கட்டி எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். அதனால் முடிந்த வரை அதே பருவத்தில், அதே வேளையில் படம் எடுக்கிறார்கள். மேகம் மூடினால், விலகும் வரை காத்திருக்கிறார்கள்.

மலைக்கு மட்டுமல்ல, பாலைவனத்துக்கும் இந்த முறை உதவுகிறது. அமெரிக்காவில் அரிசோனா பகுதியில் ஹேஸ்டிங்ஸ், டர்னர் என்ற இருவர், பழைய படங்கள் எடுத்த இடங்களையே மறுபடி படம் எடுத்து 1965-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். புல்வெளியாக இருந்த பல இடங்களில், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு உறவான மரங்கள் பரவியிருந்தன.

நமக்கு என்ன?

சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளுக்கு இமயப் பனியும் நீர் தருகிறது. மழை இல்லாத மாதங்களில் கைகொடுக்கும் சேமிப்பு அது. 2011 முதல் 2020 வரை அந்தப் பனி ஆறுகள், முந்திய 10 ஆண்டுகளைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டு நகரிலுள்ள மலை ஆராய்ச்சி நிலையம் 2023-ல் அறிவித்தது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துப் பூமியைச் சூடாக்கியதே முக்கிய காரணம்.

பனி வேகமாகக் கரைந்தால் முதலில் வெள்ளம். பிறகு தண்ணீர்ப் பஞ்சம். சேமிப்பை ஒரே மாதத்தில் செலவழித்த குடும்பத்தின் கதைதான்!

2025-ம் ஆண்டைப் பனி ஆறுகளைக் காக்கும் ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. பிரஷியர்ஸ் 2024-ல் காலமாகிவிட்டார். நாளை வேறொருவர் காமிராவோடு அதே பாறையில் ஏறி நிற்பார். அவருடைய படத்தில் எவ்வளவு பனி மிஞ்சும் என்பது, உலகம் இன்று எவ்வளவு கரியையும் எண்ணெயையும் எரிக்கிறது என்பதைப் பொறுத்தது.