காடுகளின் சுகாதாரமும் உயர்தர ஆராய்ச்சிக் கல்வியும்

நிலபுலன் உடையோர் தம் மக்களைப் படிக்கவைக்கும்போது வைத்தியம், எஞ்சினீயரிங், கணினி ஆகியவற்றையே பெரிதும் நாடுகின்றனர். காட்டு மரங்களின் நோய்களையும், அந்நிய நாடுகளினின்று வந்து பரவும் செடி, பூச்சி முதலியவற்றையும் ஆராயும் கல்வியை நினைப்போர் மிகச் சிலரே. அது வன இலாகாவுக்கு மட்டும் உரியது, குடியானவனுக்கு அதனால் ஆவதொன்றில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதற்கு இந்நாட்டு அநுபவமே சான்றாகும்.

1795ஆம் ஆண்டில், சிவப்புச் சாயம் எடுக்கும் பொருட்டுக் கொச்சினீல் என்னும் பூச்சி பிரேஸில் தேசத்திலிருந்து வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வந்ததோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அதற்கு உறவான வேறோர் இனம். சாயத் தொழில் பலிக்கவில்லை. ஆயினும் அப்பூச்சி சப்பாத்திக்கள்ளியில் ஒரு வகையைச் சாறு உறிஞ்சி அழித்தது. தென்னாட்டில் நிலங்களை அடைத்து நின்ற மற்றொரு வகையை அது தீண்டவேயில்லை. அவ்வகைக்கு ஏற்ற வேறோர் இனத்தை 1926இல் இலங்கையிலிருந்து தருவித்து விட்ட பிறகே அக்கள்ளியும் ஒடுங்கிற்று. இடையில் கழிந்த ஆண்டுகள் 131.

பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு வேறு. 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட அப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அமெரிக்க நிபுணர்கள் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. சோதனைக்குப் பின் அவை தோட்டங்களில் விடப்பட்டன, பூச்சியும் அடங்கிற்று. இம்முறை இரண்டே ஆண்டுகளில் பரிகாரம் கிட்டியதற்குக் காரணம், கற்றவர்கள் ஆயத்தமாக இருந்தமையே.

காடுகளில் பரவியுள்ள உண்ணிச்செடிக்கும், கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டியுள்ள சீமைக் கருவேலுக்கும் இத்தகைய பரிகாரம் இன்னும் கிட்டவில்லை. உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே அறுத்துத் தூரைத் தலைகீழாக வைத்தால் தழையாது என்பதை 2009இல் டில்லிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். சீமைக் கருவேலின் தூரும் வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை வெளியேறிப் புதிய இடங்களில் முளைக்கும். அம்மரத்தின் கரியை நம்பி இராமநாதபுரத்து ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. வெட்டுக்கூலிக்குப் பணம் ஒதுக்குவோர், மூன்றாம் ஆண்டில் அவ்விடத்தில் என்ன முளைத்தது என்று கணக்கு வைக்க ஒருவரை நியமித்தல் அரிது. இக்குறை நீங்காதவரை வெட்டும் செலவு வீண் செலவே.

இக்கல்வியின் பாதை நெடியது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டப்படிப்பு 4 ஆண்டு. அதன்மேல் முதுகலைப் படிப்பு 2 ஆண்டு. டாக்டர் பட்ட ஆராய்ச்சி குறைந்தது 3 ஆண்டு, மிகின் 6 ஆண்டு. தேறியவர்கள் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம், கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், பல்கலைக்கழகங்கள், அந்நியச் செடிகளைச் சோதிக்கும் துறைமுக நிலையங்கள் முதலியவற்றில் பணிபுரியலாம். ஆயினும் நிலையான பதவிகள் சிலவே. பத்தாண்டு படித்தும் பிழைப்பு உறுதியில்லை எனக் கண்டால் எந்தத் தந்தை மகனையோ மகளையோ அனுப்புவார்?

ஆகவே, அந்நியத் தாவரங்களைப் பற்றிய கொள்கையை 2022இல் வெளியிட்ட தமிழ்நாடு அரசு, காடு அடுத்த ஜில்லா ஒவ்வொன்றிலும் ஓர் ஆராய்ச்சியாளருக்கு நிரந்தரப் பதவி அளித்தல் தகும். ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், முன்பின் அறியாத செடியோ பூச்சியோ தென்பட்டால் இடத்தையும் தேதியையும் குறித்து இலாகாவுக்கு அறிவித்தல் வேண்டும். ஆராய்ச்சி மாணவர் வயலுக்கு வந்தால், நிலத்தை அளக்க வந்தவரோ என்று ஐயுற்றுத் துரத்தாது, சில சென்டு நிலத்தைச் சில பருவங்களுக்குச் சோதனைக்கு விட்டுக்கொடுத்தல் நிலக்காரருக்குப் பெரிய நஷ்டமன்று. இயல்பாகவே செடிகொடிகளை உற்று நோக்கும் பிள்ளை வீட்டில் இருப்பின், அப்பிள்ளையை இத்துறைக்கு அனுப்பத் தயங்க வேண்டுவதில்லை.

அடுத்த பூச்சி எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கும் என்பதை எவரும் அறியார். அது இறங்கும் நாளில் இனங்காண வல்லவர், அதற்குப் பத்தாண்டு முன்னரே படிக்கத் தொடங்கியிருத்தல் வேண்டும்.