திறப்போடு பயிற்சியும் வேண்டும்

2007இல் படுவான்கரையை விட்டு ஓடியபோது நம்மவர் பலர் பிள்ளைகளையும் பானை சட்டிகளையும் ஏற்றியது உழவு இயந்திரப் பெட்டிகளில்தான். இன்றும் லான்ட்மாஸ்டருக்கு வயல் வேலை சில கிழமைகளே. மிகுதி நாட்களில் பெட்டியைக் கொழுவி நெல்லும் விறகும் மணலும் ஏற்றுகிறோம்.

லான்ட்மாஸ்டரை 1950களில் வடிவமைத்தவர் நம் நாட்டவரான ரே விஜேவர்தன. விவசாயத்தையல்ல, எருமையையே இயந்திரமாக்கிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே குறைகூறினார். எருமையாவது சரிவை அறியும், இயந்திரம் அறியாது.

குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பாரம் ஏற்றிய பெட்டி முன்னாலுள்ள சிறிய இயந்திரத்தைத் தள்ளும். அப்போது திருப்புவதற்கு இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் போகும். சமதரையில் பழகிய கை இங்கே ஏமாறும். ஆகவே இறங்குமுன்பே சிறிய கியரைப் போட்டு, அந்தக் கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்ப வேண்டும். வளவுக்குள் பெட்டியைக் கழற்றுமுன் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். பாரத்தின்மேல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது.

இவற்றை உங்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? இயந்திரம் கையளித்த நாளில் நாங்கள் படம் எடுத்தோம், திறப்பைக் கொடுத்தோம், ஓட்டிக் காட்டவில்லை. இந்தக் குறை எங்களுடையது.

இனி இயந்திரம் தர வருவோரிடம் உங்கள் சங்கம் ஒன்றைக் கேட்கட்டும்: பாரம் ஏற்றிய பெட்டியோடு, குளக்கட்டில், ஒரு நாள் பயிற்சி. அது கிடைக்கும்வரை கையொப்பமிடாதீர்கள். எல்லாம் இழந்து ஊர் திரும்பிய குடும்பம், உழைக்கும் கையையும் இழக்கக்கூடாது.