கிராம சபையில் அவர்களுக்கும் ஓர் இடம்

விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கீழ்புத்துப்பட்டு என்றதும் எங்கள் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். அதை ஒட்டிய காடு ஐயனாருக்குச் சொந்தம் என்ற நம்பிக்கை இருந்ததால்தான், இந்தக் கடற்கரையில் மற்ற இடங்களில் அழிந்துபோன மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. அரசு உத்தரவு எதற்கும் காத்திராமல் தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டைக் காத்த ஊர் அது. தன் ஊர் என்ற எண்ணம் மனிதரை எவ்வளவு தூரம் பொறுப்பேற்க வைக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அதே ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. அந்த மக்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, புதுச்சேரிக்குப் பெயிண்டிங் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த கடல் இந்தக் கடல்தான். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருந்தால்தான் பிறப்பால் குடிமகன் ஆக முடியும். 2004-க்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. அதனால் இங்கே பிறந்து முப்பது வயதைத் தாண்டியவரும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர்.

இதன் விளைவு நாடாளுமன்றத் தேர்தலோடு முடிந்துவிடுவதில்லை. அரசியலமைப்பின் 243-ஆம் பிரிவு, ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களைக் கொண்டதுதான் கிராம சபை என்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் அதன் உறுப்பினர் ஆக முடியாது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் என்று பேசுவதற்குத்தானே கிராம சபை? அந்தத் தெருவில் நடக்கிறவருக்கு, அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவருக்கு அங்கே இடம் இல்லை என்பது எந்த வகையில் நியாயம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் அறிவீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை பெய்தது. உப்பளம், குப்பம், முகாம் என்று பார்த்து அது பெய்யவில்லை. அடுத்த புயலுக்கு முன் எந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும், தண்ணீர் எங்கே முதலில் தேங்குகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்கே நன்றாகத் தெரியும்.

உரிமை கொடுத்தால் பொறுப்பு வருமா என்று யாராவது கேட்டால், 2004 சுனாமியை நினைவூட்டுவேன். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர்கள், முகாம்களில் வாழும் அகதிகள், நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போய் வீடிழந்தவர்களோடு நின்றார்கள். இழப்பு என்னவென்று அறிந்தவர்கள் என்பதால் அவர்கள் சொன்ன ஆறுதலுக்குத் தனி மதிப்பு இருந்தது. வாக்கு இல்லாமலே இவ்வளவு செய்தவர்கள் அவர்கள்.

இன்னொரு செய்தியும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மக்களை இங்கே விரட்டிய அதே இலங்கைப் போரில் ஊரைவிட்டு ஓடியவர்களில் சிலர் நார்வே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மூன்று ஆண்டுகள் சட்டப்படி குடியிருந்த அயல்நாட்டவருக்கும் 1983 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக அங்கே போன கம்ஷாஜினி குணரத்தினம் 2015-இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். மொழி தெரியாத, பனி மூடிய ஒரு தேசத்தில் மூன்றே ஆண்டுகளில் கிடைத்த உரிமை, தமிழ் பேசும் மண்ணில் முப்பது ஆண்டுகள் கடந்தும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதும் அதில் ஒன்று. நல்ல வீடு வந்தால் மனிதர் அந்த இடத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்வார். ஒட்டிக்கொண்டவர் வாசலைத் தாண்டித் தெருவையும் தன்னுடையதாக நினைப்பார். அப்படி நினைக்கத் தொடங்கியவரிடம் தெருவைப் பற்றிப் பேச உனக்கு உரிமையில்லை என்று சொல்லக் கூடாது.

குடியுரிமை தருவது டெல்லியின் அதிகாரம். உங்களிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்த விண்ணப்பங்கள் உங்கள் அலுவலகத்தின் வழியாகத்தான் போகின்றன. சட்டப்படி குடியுரிமை கோரக்கூடியவர்களான, 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களும், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் வழியில் வரும் இந்திய வம்சாவளியினரும் இந்த முகாமில் எத்தனை பேர் என்று ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு நடத்திக் கண்டறியுங்கள். முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றத்தின் உதவியால் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒவ்வொருவரும் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டுமா?

கிராம சபையைப் பொறுத்தவரை, தீர்மானத்தின்மீது கை உயர்த்தும் உரிமை வாக்காளருக்கே இருக்கட்டும். முகாம் மக்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கோரிக்கைகளைக் கூட்ட நடவடிக்கையோடு இணைத்துப் பதிவு செய்ய ஓர் ஆட்சியரின் சுற்றறிக்கை போதும் என்று நம்புகிறேன். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை முகாம் நுழைவாயிலிலும் ஒட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அன்றைக்கு நீங்களும் கீழ்புத்துப்பட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
மரக்காணம் கடற்கரையின் வாக்காளர் ஒருவர்